தட்டுக்கு 585 ரூபாய்

அன்புள்ள அரூர் வாசகருக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த விளம்பரத் தாளும் கிடைத்தன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட். மூன்று பகல், இரண்டு இரவு, தலைக்கு 6,500 ரூபாய், ‘எல்லாம் அடக்கம்’. மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் கிளம்புவதாக வீட்டில் முடிவாகிவிட்டது. மாமியார், கணவர், கொழுந்தனார், பதின்மூன்றும் ஏழுமாக இரண்டு பிள்ளைகள், நீங்கள் என ஆறு பேர். இந்தக் காசுக்கு இது தகுமா, போய் இறங்கியபிறகு ஏமாந்து நிற்போமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி இந்த மாதிரி ரிசார்ட் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் பெயரை விட்டுவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

ஒகேனக்கல்லிலிருந்து தொடங்குகிறேன். தர்மபுரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சுற்றுலாக் கணக்கு பழகியது அங்கேதான். அங்கே எதற்கும் தனித்தனிக் காசு. பரிசலுக்கு ஒன்று, எண்ணெய் மசாஜுக்கு ஒன்று, தொங்குபாலத்துக்கு ஒன்று. சாப்பாடும் அப்படியே. பஸ்ஸை விட்டு இறங்கினால் “சமையல் வேணுங்களா” என்று ஒரு அம்மா பின்னாலேயே வருவார். மீனை நாம்தான் வாங்க வேண்டும். செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பு வெளுத்திருந்தால் கட்லாவை விட்டுவிட்டுப் பக்கத்துத் தட்டில் கிடக்கும் ஜிலேபி மீனுக்குப் போகிறோம். அரிசி, எண்ணெய், மசாலா, ஆக்குகிற கூலி எல்லாம் பேசி ஒப்படைத்துவிட்டு அருவிக்குப் போனால், தலை துவட்டிக்கொண்டு திரும்பும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். குழம்பு சரியில்லை என்றால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் நம்மை ஏமாற்ற நினைத்தால் விலையில்தான் கை வைக்க முடியும். பொருள் நம் கண்முன்னால் இருக்கிறது. ‘எல்லாம் அடக்கம்’ என்கிற இடத்தில் கதை தலைகீழ். விலையை முன்கூட்டியே பேசி, பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கட்டியும் விடுகிறோம். அதற்குமேல் அவர்களுக்கு லாபம் வருவது நாம் சாப்பிடாத இட்லியிலும், போடாத ஏசியிலும், கேட்காத இரண்டாவது துண்டிலும்தான். ஒகேனக்கல் மீன்கடைக்காரருக்கு நாம் இன்னொரு துண்டு மீன் கேட்டால் சந்தோஷம். ரிசார்ட்டின் சமையல்காரருக்கு அதே இன்னொரு துண்டு நஷ்டம். அதனால் அங்கே பார்க்க வேண்டியது விலைப்பட்டியலை. இங்கே பார்க்க வேண்டியது அளவையும் தரத்தையும். அரூர்க்காரர்கள் பேரம் பேசுவதில் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் ரிசார்ட்டில் பேரம் பேசித் தலைக்கு 500 குறைத்தால் அந்த 500 தட்டிலிருந்துதான் போகும்.

இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியவர்களில் முந்தியவர் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியக்காரர். 1950ல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், ராணுவம் கழித்துப்போட்ட கூடாரங்களை நட்டு ‘கிளப் மெட்’ என்ற விடுமுறை முகாமைத் தொடங்கினார். உள்ளே போனபிறகு பர்ஸைத் தொடாமல் இருப்பதே அங்கே கவர்ச்சி. பிற்பாடு பானங்களுக்குக்கூடக் காசுக்குப் பதில் கழுத்தில் மாட்டிய பாசிமணிகளைக் கழற்றிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. கணக்குப் பார்க்காமல் இருக்கும் சுகத்தைத்தான் அவர்கள் விற்றார்கள். அந்தச் சுகத்துக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பது தப்பில்லை. எவ்வளவு கொடுக்கிறோம் என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

போட்டுப் பார்ப்போம். பெரியவர்கள் நால்வர். பதின்மூன்று வயதுப் பையனுக்கும் பெரும்பாலும் பெரியவர் கட்டணம்தான், பன்னிரண்டைத் தாண்டினால் சலுகை போய்விடும். சின்னவளுக்குப் பாதி. மொத்தம் 35,750 ரூபாய். இப்போது வேறொரு போன் நம்பரிலிருந்து அதே ரிசார்ட்டைக் கூப்பிட்டு, சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் என்ன வாடகை என்று கேளுங்கள். 3,500 என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அறை, இரண்டு இரவு, 14,000. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. வரியோடு 14,700. மீதி 21,050 ரூபாய் சாப்பாட்டுக்கு. இரண்டு இரவுக்கு ஆறு வேளை, ஆறு பேர், 36 தட்டு. தட்டுக்கு 585 ரூபாய்.

இரண்டு இட்லியும் அரை டம்ளர் காபியுமாக எழுந்துவிடும் உங்கள் மாமியாருக்கும் அதே 585தான். முதல் நாள் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு முடிந்துவிடும் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அரூரிலிருந்து திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போய்ச்சேர ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. பிள்ளைகளோடு போகும்போது திருவண்ணாமலையில் ஒரு டிஃபன், நடுவில் ஒரு இளநீர், யாருக்காவது வாந்தி என்று இழுத்துக்கொண்டே போகும். அந்த ஒரு வேளை தவறினால் 30 தட்டு. தட்டுக்கு 700 ரூபாயைத் தாண்டிவிடும். அந்தக் காசுக்கு வெளியே என்ன கிடைக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஓட்டல்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் சங்கேதங்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். சி.பி. என்றால் அறையோடு காலை டிஃபன் மட்டும். எம்.ஏ.பி. என்றால் காலையும் இன்னொரு வேளையும், அநேகமாக இரவு. ஏ.பி. என்றால் மூன்று வேளை. உங்கள் தாளில் இருக்கும் ‘எல்லாம்’ என்பது ஏ.பி.யோடு சாயங்கால டீ பஜ்ஜியும், ஒரு கேம்ப் ஃபயரும்தான். எம்.ஏ.பி. விலையையும் கேட்டு வாங்குங்கள். மே மாத மத்தியானத்தில் யாருக்கும் பெரிதாகப் பசிக்காது. தர்ப்பூசணியும் மோருமே போதும்.

இனி தட்டில் என்ன வரும் என்பது. கடற்கரை ரிசார்ட்டை எடைபோட நான் கேட்கும் முதல் கேள்வி, “என்ன மீன் போடுவீங்க?” நீச்சல்குளம் எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அப்புறம். விலை குறைந்த பஃபேக்களில் முள்ளில்லாமல், வெள்ளைவெளேரென்று, எந்த மசாலாவுக்கும் வளைந்துகொடுக்கிற ஒரு மீன் இருக்கும். பாசா என்பார்கள். ஆந்திரத்துக் குளங்களில் வளர்க்கிற பங்கசியஸ் மீனை இந்தப் பெயரில் விற்பது சகஜம். சாப்பிடக் கூடாத பொருள் ஒன்றுமில்லை. ஆனால் காவிரி மீனை வீட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடலோரம் வரை போய் ஆந்திரத்துக் குளத்து மீன் சாப்பிடுவதற்கு எதற்கு டீசல் செலவு?

மே மாதத்தில் இன்னொரு சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகும் ஃபைபர் படகும் போகும், கரைக்குப் பக்கத்தில் கிடைப்பதைக் கொண்டுவரும். பெரிய மீன் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். ஆகவே மே மாதத்தில் 585 ரூபாய்த் தட்டில் “வஞ்சிரம் வறுவல் அன்லிமிடெட்” என்று சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகமாகவே பாருங்கள். “நெத்திலி இருக்குங்க, கிடைச்சா சங்கரா, மத்தபடி சிக்கன்தான்” என்று சொல்கிற ரிசார்ட்டுக்கு நான் உடனே மதிப்பெண் போடுவேன். அன்றாடம் கரைக்கு வருவதை வாங்கிச் சமைக்கிறவர் பேச்சு அது.

பஃபேயை முதல் நாள் ராத்திரி பார்த்து முடிவு கட்டாதீர்கள். வந்தவர்களை வளைத்துப்போடப் பாயசம்கூட இருக்கும். இரண்டாம் நாள் காலை டிஃபன்தான் உண்மை பேசும். நேற்றைய இட்லி இன்று உதிர்த்த உப்புமாவாகவோ, மிளகாய்ப்பொடி போட்டுத் தாளித்தோ வந்திருக்கிறதா? சாம்பாரும் மதியக் குழம்பும் ஒரே அண்டாவா? பழத் தட்டில் தர்ப்பூசணியும் பப்பாளியும் மட்டுமா? மே மாதம் நம் மாவட்டத்தில் மாம்பழம் கூடைகூடையாய் வந்திறங்கும் காலம்; அப்போது ஒரு ரிசார்ட் பவுடர் கரைத்த மஞ்சள் தண்ணீரை ‘வெல்கம் டிரிங்க்’ என்று நீட்டினால் எனக்குக் கோபமே வரும். போவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ள வழி உண்டு. விருந்தினர்கள் போட்ட படங்களில், ஒரே ரிசார்ட்டின் வெவ்வேறு மாதத்துச் சாப்பாட்டுப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் போட்டவர்களும் ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களும் கிடக்கட்டும். மூன்று போட்டவர்கள்தான் விவரமாக எழுதுவார்கள்: அறை நன்று, ஏசி மெதுவாக ஓடியது, சப்பாத்தி தீர்ந்துவிட்டது என்று. விளம்பரத் தாளில் இருக்கும் ‘3 ஸ்டார்’ எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுப்பது மத்திய சுற்றுலா அமைச்சகம். வாங்கியவரிடம் அதற்கான ஆணை இருக்கும்.

தண்ணீரைப் பற்றித் தர்மபுரிக்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஃபுளோரைடு கலந்த தண்ணீரைக் குடித்துப் பல் கறைபட்ட ஊர்கள் நம்முடையவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013ல் தொடங்கியபிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. கடலோரத்தில் பிரச்சினை உப்பு. அறைக்குள் போனதும் குழாயைத் திறந்து சோப்பு நுரைக்கிறதா என்று பாருங்கள். நுரைக்கவில்லை என்றால் குழாயில் வருவது உவர்நீர். இரண்டு நாளில் தலைமுடி சிக்காகிவிடும், மாமியார் புலம்புவார். குடிக்க ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில் ‘காம்ப்ளிமென்டரி’ என்று வைப்பார்கள். அக்னி நட்சத்திரத்தில் ஒரு லிட்டர் எந்த மூலைக்கு? அதற்குமேல் வாங்கினால் எம்.ஆர்.பி.யைவிடக் கூடுதலாக ஓட்டல்கள் வாங்கலாம், உச்ச நீதிமன்றமே 2017 டிசம்பரில் அதற்கு இடம் கொடுத்துவிட்டது. சாப்பாட்டுக்கூடத்தில் ஆர்.ஓ. தண்ணீரைக் குடத்தில் பிடித்துக்கொள்ள விடுவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். அதோடு சேர்த்து, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, ஃபேன் மட்டும்தானா என்ற கேள்வியும். பதில் சொல்லும் முன் எதிர்முனையில் ஒரு நொடி இழுத்தால் ஃபேன்தான்.

கடலுக்கு வருகிறேன். தாளில் அறை ஜன்னலில் அலை அடிப்பதுபோல் படம் போட்டிருக்கிறார்கள். கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தைத் திறந்து, கட்டடத்திலிருந்து கரைவரை அளந்து பாருங்கள். ‘பீச் ரிசார்ட்’ என்ற பலகைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சவுக்குத்தோப்பும் ஒரு மீனவர் குப்பமும் இருக்கலாம். கரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இந்தக் கடலோரத்தில் பல இடங்களில் அரிப்பு. மணல் போய், பாறாங்கல் கொட்டிய கரைதான் மிச்சம். துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு போட்டபிறகு புதுச்சேரி ஊர் கடற்கரை மணலை இழந்த கதை ஊருக்கே தெரியும். எங்கள் சொந்தக் கடற்கரை என்று எந்த ரிசார்ட்டாவது பீற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள், அலையடிக்கும் மணல் பொதுச்சொத்து.

குளிப்பது வேறு விஷயம். ஒகேனக்கல் என்றால், காவிரி நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கனஅடி என்று கேட்டுவிட்டுத்தான் நாம் வண்டியே எடுக்கிறோம். வரத்து கூடினால் குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. பரிசலில் ஏறினால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மாமல்லபுரம் பக்கத்துக் கடலில் இழுவை அதிகம், வருடந்தோறும் ஆட்களைக் கொண்டுபோகிறது. ஆனால் எந்த ரிசார்ட் வாசலிலும் இன்றைய கடல் எப்படி என்று பலகை வைப்பதில்லை. உயிர்காப்பாளர் இருக்கிறாரா, எத்தனை மணிவரை என்று கேளுங்கள். நீச்சல்குளத்துக்கு ஆள் உண்டு, கடலுக்கு இல்லை என்பதுதான் வழக்கமான பதில். பிள்ளைகள் கடலில் இறங்கியே ஆக வேண்டுமென்றால், மாமல்லபுரத்துக்கு வடக்கே கோவளத்தில் 2021ல் நீலக்கொடிச் சான்று வாங்கிய பகுதி இருக்கிறது. குளிக்க எல்லை வகுத்திருக்கிறார்கள், கண்காணிப்பு உண்டு, கழிப்பறை சுத்தம். அரைநாள் அங்கே போய்வாருங்கள்.

கொழுந்தனார் மாலத்தீவு பேச்சு எடுத்திருக்கிறார், பெங்களூரு ஏஜென்ட் ஒருவர் ‘ஆல் இன்குளூசிவ்’ என்று விலை கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வரியும் சர்வீஸ் சார்ஜும் வெளியே. அங்கே சுற்றுலா ஜிஎஸ்டி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம், சர்வீஸ் சார்ஜ் வழக்கமாக 10. ரிசார்ட்டில் தங்கினால் தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் படகு அல்லது கடல் விமானம் தனி. இன்னொன்று: அந்த ‘எல்லாம்’ என்பதில் பெரும்பங்கு மது. நாள் முழுக்கக் குடிப்பவரையும், ஒரு ஆரஞ்சு ஜூஸ் குடிப்பவரையும் சராசரி பார்த்து விலை வைக்கிறார்கள். கோவாவிலும் இலங்கையிலும் இதே கணக்குதான். உங்கள் வீட்டில் ஒருவர்தான் குடிப்பார் என்றால், அடுத்த மேசையின் பாட்டிலுக்கு நீங்கள் ஐந்து பேரும் மொய் எழுதுகிறீர்கள். குடிக்காத குடும்பத்துக்கு அங்கெல்லாம் காலை டிஃபனோடு அறை எடுப்பதே லாபம். தமிழ்நாட்டு பட்ஜெட் ரிசார்ட்டில் இந்தக் கணக்கு இல்லை, இங்கே மது தொகுப்புக்குள் வருவதில்லை. கொழுந்தனாரிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

நவம்பரில் போனால் இதே ரிசார்ட் பாதி விலை என்றும் தாளில் இருக்கிறது. ஏன் பாதி என்று அரூரில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறிய ஃபெஞ்சல் புயல், ஓரிரு நாளில் உங்கள் பக்கத்து ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டிவிட்டுப் போனது. கரையில் கொண்டாட்டம் இல்லை, வீட்டிலும் இல்லை. ஒகேனக்கல்லில் வெள்ளம் என்றால் பென்னாகரத்தோடு திரும்பிவிடலாம், பஸ் காசோடு போயிற்று. ரிசார்ட்டில் புயல் எச்சரிக்கை வந்தாலும் அட்வான்ஸ் அவர்களிடம்தான். “வானிலை காரணமாக வர முடியாவிட்டால் தேதி மாற்றித் தரப்படும்” என்று ஒரு வரி வாட்ஸாப்பில் எழுதி வாங்காமல் மழைக்காலத் தள்ளுபடிக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

எழுதி வாங்குவது எல்லாவற்றுக்கும் நல்லது. எத்தனை வேளை, முதல் வேளை எது, வரி உள்ளேயா வெளியேயா, கூடுதல் படுக்கை என்றால் கட்டிலா தரையில் மெத்தையா. பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடுத்து வழிகாட்டுதல் போட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. பேச்சில் தீராவிட்டால் 1915க்கு போன் செய்யுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், 2019ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், செங்கல்பட்டுக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. அங்கே போய் நிற்கும்போது கையில் இருக்க வேண்டியது அந்த வாட்ஸாப் வரிகள்தான்.

என் கருத்தைக் கேட்டீர்கள். ரிசார்ட் சுமாராக இருந்தாலும் மூன்று வேளைத் தொகுப்பு உங்கள் குடும்பத்துக்கு அதிகம். எம்.ஏ.பி. விலை கேளுங்கள், வரி எல்லாம் சேர்த்து 27,000க்குள் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் காலை டிஃபனோடு அறை, மதியமும் இரவும் வெளியே. மே மாதம்தான் என்று பிடிவாதம் இல்லையென்றால் பொங்கல் கழித்து ஒரு நீண்ட வார இறுதியில் போங்கள். மழை முடிந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, விசைப்படகுகள் கடலில் இருக்கும், வஞ்சிரமும் வஞ்சிரமாகவே இருக்கும். எப்போது போனாலும் மாமியாருக்குக் கீழ்த்தளத்தில், வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள அறையை இப்போதே சொல்லிவையுங்கள். இந்த மாதிரி ரிசார்ட்டுகளில் லிஃப்ட் அபூர்வம், கீழ்த்தள அறைகள் நாலைந்துதான் இருக்கும், மே மாதத்தில் அவைதான் முதலில் தீரும்.

அன்புடன்,
பயணப் பகுதி